ஏழைக் குழந்தைகளுக்கான திட்டங்கள்: எது பலன் தருகிறது, எப்படித் தெரிந்துகொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரப் படிப்பு மையம் நடத்துபவர்கள், அங்கன்வாடிகளோடு சேர்ந்து வேலை செய்யும் சிறு அமைப்புகள், கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியைக் கையாள்பவர்கள், ஊராட்சித் தலைவர்கள் எனப் பலர் பயிற்சிக் கூட்டங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. களப்பணியாளராகத் தொடங்கி, இப்போது இப்படிப்பட்ட திட்டங்களை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு ஐந்தாவது வயது ஒரு தடவைதான் வரும். அந்த வருடத்தைப் பலனில்லாத ஒரு திட்டத்தில் நாம் கழிக்க வைத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அந்தக் கவலையோடுதான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

‘சான்றுள்ள திட்டம்’ என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

திட்டம் நடந்த இடத்திலும், அதே மாதிரியான ஆனால் திட்டம் நடக்காத இடத்திலும் குழந்தைகளை அளந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் திட்டத்தால்தான் வந்தது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய நிறுவனம் நடத்துவது, வெளிநாட்டில் விருது வாங்கியது, கையேடு அழகாக இருப்பது எதுவும் சான்றில் சேராது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘சான்றுள்ளது’ என்பது எல்லாக் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும் முத்திரை கிடையாது. இன்ன ஊரில், இன்ன ஆட்கள் கையால், இன்ன குடும்பங்களுக்குச் செய்தபோது பலன் தந்தது என்பதே அதன் பொருள். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் மறுபடி பார்க்கத்தான் வேண்டும்.

தாய்மார்கள் ‘ரொம்ப உதவியா இருக்கு’ என்று சொல்கிறார்கள். அது போதாதா?

அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் அது போதாது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939-ல் ஒரு திட்டம் தொடங்கியது. ஏழைப் பகுதிச் சிறுவர்கள் தவறான வழியில் போய்விடாமல் காப்பது நோக்கம். 506 சிறுவர்களை வயது, குடும்ப நிலை, சுபாவம் பார்த்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் யாருக்கு உதவி என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். தேர்வான சிறுவனின் வீட்டுக்கு ஆலோசகர் வருவார். பாடம் சொல்லித்தருவார், மருத்துவரிடம் அழைத்துப் போவார், கோடை முகாமுக்கு அனுப்புவார். சராசரியாக ஐந்து வருடம் இப்படி நடந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்து, 1978-ல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். ஆனால் மறுபடி மறுபடி குற்றத்தில் சிக்குவது, குடிப்பழக்கம், மனநோய், இளவயது மரணம் போன்ற பல விஷயங்களில் உதவி பெறாத ஜோடிப் பையன்களைவிட இவர்கள்தான் மோசமான நிலையில் இருந்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆலோசகர்கள் மனசார உழைத்தவர்கள். நாணயம் சுண்டிப் பிரித்து ஒப்பிட்டிருக்காவிட்டால் அது ஒரு வெற்றிக் கதையாகவே நின்றிருக்கும்.

திட்டத்துக்கு முன்னால் ஒரு தேர்வு, முடிந்த பிறகு ஒரு தேர்வு வைக்கிறோம். மதிப்பெண் கூடியிருக்கிறதே?

குழந்தை வளர்கிறது, பள்ளிக்கூடமும் போகிறது. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் ஆறு மாதத்தில் மதிப்பெண் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதலில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி.

இதற்கு நம் இல்லம் தேடிக் கல்வியே நல்ல உதாரணம். கொரோனாவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அதில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் இந்த அரசுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், தெருவிலோ வீட்டுத் திண்ணையிலோ வகுப்பு. நல்வாய்ப்பாக, தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் படிப்புத் திறனை 2019-லேயே ஓர் ஆய்வுக் குழு அளந்து வைத்திருந்தது. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் அதே கிராமங்களில் 2021 டிசம்பரிலும் 2022 மே வரையிலும் மறுபடி அளந்தார்கள். டிசம்பரில் இழப்பு பெரிதாக இருந்தது, கணக்கில் அதிகம், தமிழில் அதைவிடக் குறைவு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது.

முன்னும் பின்னும் மட்டும் பார்த்திருந்தால் அத்தனையும் இல்லம் தேடிக் கல்வியின் கணக்கில் போயிருக்கும். வகுப்புக்குப் போன குழந்தைகளையும் போகாதவர்களையும் கவனமாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இந்தத் திட்டத்தால் வந்தது என்று கணித்தார்கள். மீதிக்குப் பெரும்பாலும் பள்ளி திறந்ததே காரணம். 24 விழுக்காட்டைச் சின்னதாக நினைக்காதீர்கள். இத்தனை குறைந்த செலவில், இத்தனை லட்சம் குழந்தைகளிடம், அதிலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் அதிகமாக வந்த ஒரு திட்டத்தில் இது பெரிய சாதனை. சாதனையின் சரியான அளவு தெரிந்தால்தான் அடுத்து எங்கே பணம் போடுவது என்று முடிவெடுக்க முடியும்.

ஒரு ஊருக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊருக்குக் கொடுக்காமல் வெறுமனே அளந்து பார்ப்பது பாவம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் மனசு நல்ல மனசு. ஆனால் நடைமுறையை யோசித்துப் பாருங்கள். உங்களிடம் இருபது மையத்துக்குத்தான் பணம் இருக்கிறது, ஒன்றியத்தில் நாற்பது கிராமம் இருக்கிறது. எப்படியும் இருபது ஊருக்குக் கிடைக்கப் போவதில்லை. யாருக்கு முதலில் என்பதை இப்போது யார் முடிவு செய்கிறார்கள்? தார்ச்சாலையை ஒட்டிய ஊர், தலைவருக்குத் தெரிந்த ஊர், பஸ் நிற்கும் ஊர். அதற்குப் பதிலாக ஊரார் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டால் அது நியாயமும் ஆகிறது, ஒப்பீடும் கிடைக்கிறது.

யாரையும் விடாமல் செய்யவும் வழிகள் உண்டு. மெக்சிகோவில் 1997-ல் ‘ப்ரொக்ரேஸா’ என்ற திட்டம் வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அனுப்பும் ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் தரும் திட்டம் அது. ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் கொடுக்க அரசால் முடியவில்லை. ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-க்கு முதலிலும் 186-க்குப் பிறகும் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலம் ஒப்பீட்டுக்குப் பயன்பட்டது. குஜராத்தின் வடோதராவில், குழந்தைகளின் கல்விக்காக வேலை செய்யும் ‘பிரதம்’ என்ற தொண்டு அமைப்பின் பால்சகி திட்டத்தில் இன்னொரு வழியைக் கையாண்டார்கள். பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும் மீதிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உதவி ஆசிரியை போனார். எல்லாப் பள்ளிக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒப்பிட ஒரு குழுவும் கிடைத்தது.

உயிர் காக்கும் விஷயத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. தடுப்பூசி போடலாமா, கடும் ஊட்டச்சத்துக் குறைவில் இருக்கும் குழந்தைக்குச் சிகிச்சை தரலாமா என்று குலுக்கிப் பார்க்க எந்தக் காரணமும் கிடையாது.

தமிழ்நாட்டில் அப்படிச் சீட்டுக் குலுக்கிச் சோதித்த திட்டம் ஏதாவது உண்டா?

உண்டு. இதைப் பற்றி நம் ஊரில் இன்னும் நிறையப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கன்வாடிக்குப் போயிருப்பீர்கள். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளர் சமையலிலும் துப்புரவிலும் இருப்பார். பணியாளர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டும், எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், மேலதிகாரி கேட்கும் விவரத்தைப் போனில் ஏற்ற வேண்டும். தேர்தல் வந்தால் அந்த வேலையும் சேரும். இதில் முதலில் அடிபடுவது முன்பருவக் கல்வி. பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பணியாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அந்த நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் வராது.

அலெஹாண்ட்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டு அரசோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் வந்த 160-ல் மட்டும் அரைநாள் வேலைக்கு ஒரு பெண்ணைக் கூடுதலாக நியமித்தார்கள். அவருக்கு முன்பருவக் கல்வி மட்டுமே வேலை. பிள்ளைகளுக்குக் கற்றல் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது மொழியிலும் கணக்கிலும் அந்த மையத்துப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள்.

யாரும் அவ்வளவாக எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. உயரக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைந்தன. புதிதாக வந்தவர் சோறு போடவில்லை, எடை பார்க்கவில்லை. கற்பிக்கும் சுமை குறைந்ததால் பழைய பணியாளருக்குக் குழந்தைகளின் உடல்நலத்தையும் சத்துணவையும் கவனிக்க நேரம் கிடைத்தது. மாநிலம் முழுக்கச் செய்தால் நீண்டகாலப் பலன் செலவைப்போல 13 முதல் 21 மடங்கு வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் புதுப் பாடத்திட்டமோ டேப்லெட்டோ இல்லை. ஏற்கெனவே இருக்கும் மையத்தில் ஒரு ஆள் கூடுதல், அவ்வளவே. நிதி தருபவர்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியாது. எனக்கு இதைவிட நம்பிக்கை தரும் ஆய்வு வேறு இல்லை.

ஒரு ஊரில் ஜெயித்த திட்டத்தை அப்படியே எடுத்து நம் ஊரில் செய்தால் ஜெயிக்குமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் செய்து பார்த்துவிட்டுப் பிற இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதாமாதம் எடை பார்ப்பார். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் சில மாதம் கூடுதல் உணவு. கூடவே தாய்க்கு, குழந்தைக்கு எதை எப்போது எவ்வளவு கொடுப்பது என்று சொல்லிக் கொடுப்பார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு நன்றாகக் குறைந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அதை முன்மாதிரியாக வைத்து 1995-ல் வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. எடை, கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை எல்லாம் அங்கும் இருந்தன. ஆனால் எதிர்பார்த்த பலன் வரவில்லை. பிறகு ஆராய்ந்தபோது காரணம் வீட்டுக்குள் இருந்தது. அந்தக் கிராமங்கள் பலவற்றில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு சோறு என்று முடிவு செய்வது மாமியார். தாய் மட்டும் பயிற்சிக்கு வந்தாள், கற்றுக்கொண்டாள், வீட்டுக்குப் போனதும் அவள் கையில் அதிகாரம் இல்லை. குழந்தைக்கென்று கொடுத்த உணவும் வீட்டில் பங்கானது, அல்லது அதைச் சாக்காக வைத்து வீட்டுச் சாப்பாடு குறைந்தது.

தமிழ்நாட்டில் ‘தாய்க்குச் சொன்னால் குழந்தைக்குப் போய்ச் சேரும்’ என்பதை யாரும் கையேட்டில் எழுதவில்லை. எழுதத் தோன்றாத அளவுக்கு அது இயல்பாக இருந்தது. அந்த எழுதாத வரிதான் வங்கதேசத்தில் இல்லாமல் போனது.

அதனால் ஒரு திட்டத்தைக் கொண்டுவருமுன் அதை ஒரு சங்கிலியாக எழுதிப் பாருங்கள். ஆள் வருவார், தாய் கேட்பாள், தாயால் வாங்க முடியும், அவள் சொல்லுக்கு வீட்டில் மதிப்புண்டு, குழந்தை சாப்பிடும், அதற்கு வயிற்றுப்போக்கு இல்லை, எடை ஏறும். ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் ‘நம் ஊரில் இது உண்மையா?’ என்று எழுதி, நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டு நாள் வேலை. சில திட்டங்களின் பல லட்சம் ரூபாயை அந்த இரண்டு நாள் காப்பாற்றியிருக்கும்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஏழை இளம்பெண்களின் வீட்டுக்குச் செவிலியர் போகும் திட்டம் 1970-களின் பிற்பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ் தலைமையில் எல்மைரா என்ற ஊரில் தொடங்கி, பல சோதனைகளில் நல்ல பெயர் எடுத்தது. இங்கிலாந்தில் அதையே கொண்டுவந்து சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டபோது, முக்கியமான எதிர்பார்ப்புகளில் பலன் தெரியவில்லை. அங்கே தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவச்சியும் செவிலியரும் எல்லாத் தாய்மாரையும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுத் திட்டம் அதற்கு மேல் கொடுத்தது கொஞ்சம்தான். நம் ஊரில் கிராம சுகாதார செவிலியர் ஒழுங்காக வரும் இடத்துக்கும் வராத இடத்துக்கும் ஒரே திட்டம் ஒரே பலனைத் தராது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தொண்டு நிறுவனம் செய்தபோது நன்றாக நடக்கிறது. அரசு எடுத்ததும் படுத்துவிடுகிறது. ஏன்?

எப்போதும் படுப்பதில்லை. ஆனால் அடிக்கடி நடக்கிறது. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைப் பாதி இடத்தில் தொண்டு நிறுவனத்தின் மூலமும் பாதி இடத்தில் அரசின் மூலமும் நடத்திப் பார்த்தார்கள். முதல் பாதியில் பிள்ளைகள் முன்னேறினார்கள், இரண்டாவதில் பலன் இல்லை.

பிரதம் அமைப்பின் அனுபவம் இதைவிட விளக்கமானது. குழந்தையின் வகுப்பைப் பார்க்காமல் அதன் இன்றைய படிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரித்துச் சொல்லித்தருவது அவர்கள் முறை. பீகாரில் 2008 கோடை முகாமில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இதைச் செய்தார்கள், பலன் வந்தது. பள்ளி ஆண்டு தொடங்கியதும் அதே மாநிலத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் புத்தகமும் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியருக்குத் தெரியாமல் இல்லை. பாடப்புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும் பயிற்சியில் சொன்னது ஓரமாகப் போனது. உத்தராகண்டில் தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் அனுப்பியபோது அவர்களைச் சாதாரண ஆசிரியர் வேலையில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஹரியானாவில் 2012-13-ல் இதை வேறு மாதிரி செய்தார்கள். பள்ளி நேரத்தில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். மேற்பார்வை அலுவலர்கள் முதலில் தாங்களே வகுப்பில் பாடம் நடத்திப் பழகினார்கள், பிறகு பள்ளிகளுக்குப் போய் ஆசிரியருக்குத் துணை நின்றார்கள். இந்தி வாசிப்பு முன்னேறியது. கணக்கில் அப்படி இல்லை. ஆக, அரசிடம் ஒரு திட்டத்தைக் கொடுக்கும்போது கையேட்டை மட்டும் கொடுக்காதீர்கள். எந்த மணி நேரம், யார் வந்து பார்ப்பார், பார்ப்பவருக்கே அந்த வேலை தெரியுமா என்ற மூன்றையும் ஆணையில் எழுத வைக்கப் பாருங்கள்.

நம் ஊருக்கு ஏற்ற மாதிரி திட்டத்தை மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றத்தான் வேண்டும், ஆனால் உயிர்நாடி எது என்று தெரிந்துகொண்டு.

ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் 1986-87-ல் வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளோடு ஒரு ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்குச் சமூக சுகாதார உதவியாளர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போனார். தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடுவது எப்படி, பேச்சுக் கொடுப்பது எப்படி என்று காட்டினார். அந்தக் குழந்தைகளுக்கு 22 வயதானபோது, இந்த விளையாட்டு வழிகாட்டல் கிடைக்காதவர்களைவிட அவர்கள் வருமானம் சுமார் 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. இதை ஒடிசாவுக்குக் கொண்டுவந்தபோது பொம்மைகள், பாட்டுகள், படங்கள் மாறின. வீடு வீடாகப் போவதற்குப் பதிலாகத் தாய்மாரைக் குழுவாகக் கூட்டியும் செய்து பார்த்தார்கள். செலவு குறைந்தது, பலன் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது.

பாட்டு, கதை, இடம், பேச்சுவழக்கு, பொம்மை எல்லாவற்றையும் தாராளமாக மாற்றுங்கள். தேங்காய்ச் சிரட்டையும் புளியங்கொட்டையும் போதும். வாராவாரம் என்பதை மாதம் ஒருமுறை என்று ஆக்குவது, தாய் தன் கையால் செய்து பார்ப்பதை விட்டுவிட்டு நாம் பேச அவள் கேட்பது என்று ஆக்குவது, இருபது நாள் பயிற்சியை இரண்டு நாளாகச் சுருக்குவது இவையெல்லாம் மாற்றமே இல்லை. அங்கே வேறு திட்டம்தான் நடக்கிறது. அதற்கு ஜமைக்காவின் சான்றைக் காட்டி நிதி கேட்பது சரியில்லை.

எதை அளக்க வேண்டும்?

வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். படிப்பென்றால், ஒவ்வொரு குழந்தையையும் தனியாக உட்கார வைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கிராமப்புறக் குழந்தைகளின் படிப்புத் திறனை அளக்க 2005 முதல் நடக்கும் ‘அசர்’ கணக்கெடுப்பில் பயன்படும் தாள் ஒரே பக்கம்தான்: எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. ஒரு குழந்தைக்குச் சில நிமிடம் போதும். சொல்லிக்கொடுத்தவரே அளக்கக் கூடாது. அவர் பொய் சொல்வார் என்பதற்காக இல்லை, தன் பிள்ளை தடுமாறினால் உதடு தானாக அசைந்து எடுத்துக்கொடுக்கும்.

எடை என்றால் ஒவ்வொரு நாளும் தராசைப் பூஜ்யத்தில் சரிபாருங்கள். உடையைக் குறையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து நீளம் பாருங்கள். வயதைத் தாயின் ஞாபகத்தில் கேட்காமல் பிறப்புச் சான்றிதழிலோ தாய் சேய் நல அட்டையிலோ பாருங்கள். வயது இரண்டு மாதம் தவறினாலே ‘குன்றிய குழந்தை’ என்ற கணக்கு மாறிவிடும்.

பெற்றோரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டாயம். எதற்காக அளக்கிறோம், மறுத்தாலும் சத்துமாவோ வகுப்போ நிற்காது என்பதை அவர்கள் பேச்சில் சொல்லிக் கேட்க வேண்டும். குழந்தையின் எடையையும் மதிப்பெண்ணையும் சுவரில் ஒட்டாதீர்கள்.

எங்கள் மையத்தில் முடிவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. வேறென்ன பார்க்க வேண்டும்?

யார் வரவில்லை என்று பாருங்கள்.

நான் களப்பணியில் இருந்த காலத்தில் எங்கள் சாயங்கால வகுப்பில் வாசிப்பு அருமையாக உயர்ந்தது. அறிக்கை எழுதி முடித்த பிறகு ஊரின் குழந்தைகள் பட்டியலை எடுத்து ஒப்பிட்டேன். வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே ஓரளவு படிக்கத் தெரிந்தவர்கள். ஆடு மேய்த்துவிட்டு இருட்டிய பிறகு வரும் பையன்கள், தம்பி தங்கையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்பிள்ளைகள், செங்கல் சூளைக்குப் போய்விட்டுப் பாதி வருடம் கழித்துத் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகள் பட்டியலில் மட்டும் இருந்தார்கள். காலனித் தெருவிலிருந்து கோயில் பக்கத்து மண்டபத்துக்கு எந்தப் பிள்ளையும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

பிறகு வகுப்பைக் காலனிக்கு மாற்றினோம், ஏழு மணிக்குத் தொடங்கினோம், கைக்குழந்தையோடு வரலாம் என்றோம். முன்பு வந்தவர்களில் சிலர் அங்கே வர மறுத்தார்கள். எங்கள் சராசரி மதிப்பெண் இறங்கியது. திட்டம் போய்ச் சேர வேண்டிய பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது அந்த வருடம்தான். சராசரியை மட்டும் பார்க்கும் எவருக்கும் அது தோல்வியாகத் தெரிந்திருக்கும்.

நாங்கள் ஐந்து பேர் கொண்ட சின்ன அமைப்பு. ஆய்வெல்லாம் எங்களால் முடியுமா?

நீங்கள் உலகத்துக்குப் புதுச் சான்று உண்டாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை ஒழுங்காகச் செய்கிறீர்களா என்று பார்த்தால் போதும். சொன்ன நாளில் வகுப்பு நடந்ததா, சொன்ன நேரம் நடந்ததா, சொல்லாமல் போய்ப் பார்த்தபோது எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், குழந்தை எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அடுத்த வருடம் புதிதாகச் சேர்க்கப் போகும் ஊர்களை இந்த வருடமே ஒருமுறை அளந்துவிட்டால் ஒப்பிட ஒரு குழுவும் கிடைத்துவிடும். பக்கத்துக் கல்லூரியில் சமூகப்பணித் துறை இருந்தால் அவர்களை அளக்கக் கூப்பிடுங்கள்.

நிதி தருபவர்கள் ஆறு மாதத்தில் விளைவு கேட்கிறார்களே?

ஆறு மாதத்தில் காட்டக்கூடியதையும் காட்ட முடியாததையும் ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதுங்கள். வாசிப்பு நிலை ஆறு மாதத்தில் மாறும். உயரக் குறைவு மாறாது. ஜமைக்காவில் வருமான வித்தியாசத்தைப் பார்க்க இருபது வருடம் காத்திருந்தார்கள். மறுபக்கம், சீக்கிரம் வந்த பலன் சீக்கிரம் கரையவும் செய்யும். பால்சகி வகுப்பில் கிடைத்த முன்னேற்றம், பிள்ளைகள் திட்டத்தை விட்டு வெளியேறி ஒரு வருடம் ஆனபோது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. திட்டம் முடிந்த மறுநாள் அளந்து கொண்டாடிவிட்டுக் கிளம்பாமல், ஒரு வருடம் கழித்து ஒருமுறை போய் அளக்கும் செலவையும் அதே ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் திட்டத்தால் பலன் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் எங்கே அறுந்தது என்று பாருங்கள். திட்டமே நடக்காமல் போனதா, நடந்தும் பலன் இல்லையா? பதிவேட்டில் மட்டும் வகுப்பு நடந்திருந்தால் அதை வைத்து முறையைக் குறை சொல்ல முடியாது. ஒழுங்காக நடந்தும் பலன் இல்லையென்றால் நிறுத்துங்கள். வேலையில் இருந்தவர்களை நிறுத்தாதீர்கள். அந்த ஊரின் வீடுகள் அவர்களுக்குத்தான் தெரியும், அடுத்ததற்கு அவர்கள்தான் வேண்டும்.

பிறகு ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அமைப்பில் வளரிளம் பெண்களுக்கான பயிற்சி ஒன்று இரண்டு வருடம் நடந்து, எந்த மாற்றமும் தரவில்லை என்று மதிப்பீட்டில் தெரிந்தது. அந்த அறிக்கை பீரோவுக்குள் போனது. மூன்று வருடம் கழித்து அடுத்த ஒன்றியத்தில் வேறொரு அமைப்பு அதே பயிற்சியைத் தொடங்கியது. கையேட்டின் அட்டையைத் தவிர ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை. எங்கள் அறிக்கை வெளியே வந்திருந்தால் அந்தப் பெண்பிள்ளைகளின் சனிக்கிழமைகள் வேறெதற்காவது பயன்பட்டிருக்கும்.

நாலு பக்கம் தமிழில் எழுதுங்கள்: என்ன செய்தோம், யாருக்கு, எவ்வளவு செலவு, என்ன எதிர்பார்த்தோம், என்ன கிடைக்கவில்லை, எங்கே அறுந்தது என்று நினைக்கிறோம். வட்டார வள மையத்துக்கு ஒரு பிரதி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு பிரதி, பக்கத்து ஒன்றியங்களில் இதே வேலை செய்யும் அமைப்புகளுக்கு ஆளுக்கொன்று. நிதி கொடுத்தவருக்கு நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.